உடைந்த இம்பெல்லரின் மையம்

மருதாசலத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. கோயம்புத்தூர் கணபதியில் முப்பது வருடம் இரும்பு கடையும் லேத் ஓட்டியவர். மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனபின், இனி லேத் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு பிழைப்பு தெரியாது. கம்ப்யூட்டரில் இயந்திரப் பாகங்கள் வரையக் கற்றுக்கொள்ள, அதற்கு வகுப்பு நடத்தும் சபீனாவிடம் வந்து சேர்ந்தார்.

சபீனா அவர் மகளைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனாலும் சபீனா உள்ளே வந்தால் மருதாசலம் எழுந்து நிற்பார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி சபீனா ஓய்ந்துபோனார்.

இரண்டு மாதத்தில் மௌஸ் கைக்குப் பழகிவிட்டது. அளவு தப்பவே தப்பாது. ஆனால் எதை வரைந்தாலும் விளிம்பிலிருந்துதான் ஆரம்பிப்பார். எல்லாம் முடிந்தபின், போனால் போகிறதென்று நடுவே மையத்தைக் காட்டும் சென்டர் லைன் ஒன்று போடுவார். சபீனா அதைப் பார்த்ததும் மொத்தத்தையும் அழித்துவிடுவார்.

"மொதல்ல சென்டர் லைனுங்கண்ணா."

ஒருநாள் மருதாசலம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், நானும் எத்தனையோ ஆயிரம் ஜாப் கடைஞ்சிருக்கேன். எதுலயும் இந்தக் கோட்டைப் பார்த்ததில்லைங்க. எந்த டூலும் இதை வெட்டறதில்ல. இல்லாத ஒண்ணை எதுக்குங்க மொதல்ல வரையணும்?"

சபீனா அடுத்த பாடத்துக்குப் போனார்.

அந்த வாரமே ஒரு ஊராட்சியின் பம்ப் ஆபரேட்டர் சின்னராஜ், சாக்குப்பையோடு படியேறி வந்தார். பைக்குள் ஓர் இரும்புச் சில்லு. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் உடைந்ததில் மிஞ்சியது.

"மத்ததெல்லாம் தூள்தூளாப் போச்சுங்க. பழைய பம்பு. செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. நாலு நாளா ஊருக்குத் தண்ணியில்லீங்க. டிராயிங் இருந்தா வார்த்துத் தர்றோம்னு பவுண்டரில சொல்லிட்டாங்க."

சபீனா சில்லை மருதாசலத்தின் மேஜையில் வைத்தார்.

"நீங்க வரைங்கண்ணா."

மருதாசலம் நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை எடுத்தார். விளிம்பை அளந்தார். மணல் தண்ணீர் அரித்து அரித்து விளிம்பு ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் தடித்தும் இருந்தது. எடுத்த அளவுகளில் இரண்டுகூட ஒத்துப்போகவில்லை. திரையில் வட்டம் போட்டார். ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் விலகியது. மத்தியானச் சோறு ஆறிப்போனது. முப்பது வருட அனுபவம் அந்தச் சில்லுக்கு முன்னால் கைகட்டி நின்றது. வாசலில் சின்னராஜ் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

மூன்று மணிக்கு மருதாசலம் எழுந்தார்.

"முடியலைங்க டீச்சர். முக்கால்வாசி இல்லாம எப்படிங்க வரையறது?"

சபீனா வந்து உட்கார்ந்தார். விளிம்பைத் தொடவே இல்லை. சில்லில், பிளேடுகளுக்கு இடையில், ஒரே வட்டத்தில் சம இடைவெளியில் துளைத்த மூன்று சின்னத் துளைகள் இருந்தன. சில்லை ஒரு பெரிய காகிதத்தின் மேல் வைத்து, துளைகளின் உள்சுற்றைப் பென்சிலால் வரைந்துகொண்டார். ஒவ்வொரு துளைக்கும் நடுவில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி கோடு. இரண்டு கோடுகளையும் சரிபாதியில் வெட்டிச் செங்குத்தாக வேறு இரண்டு கோடுகள். அவை நீண்டு நீண்டு, சில்லை விட்டு வெளியே போய், வெறும் காகிதத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

சபீனா அங்கே விரல் வைத்தார்.

"இங்க இருக்குதுங்கண்ணா."

அங்கே இரும்பே இல்லை. மருதாசலம் குனிந்து அந்த இடத்தையே பார்த்தார்.

பிறகு திரையில், அந்த இடத்தின் வழியாகக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு சென்டர் லைன்கள் விழுந்தன. அதைச் சுற்றி, அதே இடைவெளியில், மூன்று துளைகள் ஆறாயின. மிஞ்சிய இரண்டு பிளேடுகளும் ஆறாயின. இம்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டின் குறுக்களவைச் சின்னராஜ் சொல்ல, நடுத்துளையும் வந்தது; விளிம்பில் தேயாத இடத்தை வைத்து வெளிவட்டமும் வந்தது. அழிந்துபோன சக்கரம் கண்ணெதிரே முழுசாக எழுந்து நின்றது. மருதாசலம் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

அதிலிருந்து ஆறாம் நாள், புதிதாக வார்த்த இம்பெல்லரை மாட்டிவிட்டுச் சின்னராஜ் போன் செய்தார். போனைப் பம்புக்குப் பக்கத்தில் பிடித்தார். மருதாசலம் காதில் வைத்துக் கேட்டார். முப்பது வருடம் இயந்திரங்களின் சத்தத்தோடு வாழ்ந்த காது அது. சுழற்சியில் துளி ஆட்டமில்லை. அதன்மேல் தண்ணீர் விழும் ஓசை.

போனை வைத்துவிட்டுச் சபீனாவின் மேஜைக்குப் போனார். பிறகு மெல்லக் கேட்டார்.

"விளிம்பு தேஞ்சிருச்சுன்னு நீங்க அதை நம்பலை. செரிங்க. ஆனா அந்தத் துளைகளும் தேஞ்சுதானுங்களே இருந்துச்சு? அதை மட்டும் எப்படி நம்புனீங்க?"

சபீனா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"தேஞ்சு பெருசாயிருந்துச்சுங்கண்ணா. எடம் மாறல."