பூவாத்தாளுக்குக் கோடு இல்லை

ஆசிரமத்துப் பாடசாலைக்கு நாகலிங்கம்தான் வாத்தியார். குரு மங்கையம்மாவிடமே பாடம் கேட்டு வளர்ந்தவர். ஆளுக்கு வயசு நாற்பது. அவசரத்தில் மட்டும் இன்னும் இருபதைத் தாண்டவில்லை.

அன்றைக்குக் காலையில் ஒரு தாளோடு வந்து நின்றார்.

"அம்மா, பிள்ளைகளை வட்டமா உட்கார வச்சு, அவங்களையே பேசவிட்டுப் படிக்க வைக்கிற முறை நல்லதான்னு கேட்டீங்களே. பிரமாதம்! அளந்தே பார்த்துட்டேன்."

"எப்படி அளந்தே?"

"செவலைப் பசு ரெண்டு நாளா தீனி எடுக்கலையே, ஏன்னு பேசச் சொன்னேன். வாயைத் திறந்தா பேருக்கு நேரே ஒரு கோடு. இளம்பரிதிக்குப் பதினோரு கோடு! இந்தப் பூவாத்தாளுக்கு ஒண்ணுகூட இல்லை. சுத்த மக்கு. ஊருக்குக் கிளம்பச் சொல்லிட்டேன்."

பூவாத்தாள் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். பாவம், பெட்டியைக்கூடக் கட்டிவிட்டாள்.

குரு இளம்பரிதியை வரவழைத்தார்.

"மத்தவங்க என்னப்பா சொன்னாங்க?"

"மத்தவங்களா?" அவன் திருதிருவென்று விழித்தான். "நான் அடுத்து என்ன பேசலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தேம்மா."

குரு பூவாத்தாள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி."

பூவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல வயித்துக் கோளாறுன்னுதான் நினைச்சேம்மா. நடுவுல வேலன், தீனித் தொட்டிக்குப் புதுசா சுண்ணாம்பு அடிச்சிருக்காங்கன்னு சொன்னான். யாரும் காதுல வாங்கலை. அந்த வாடைக்குத்தான் மாடு ஒதுங்குது போல. கூடையில போட்டா தின்னும்."

"இதை அங்கேயே சொல்றதுக்கென்ன?" என்று பாய்ந்தார் நாகலிங்கம்.

"இளம்பரிதி மூச்சு விட்டாத்தானேங்கய்யா!"

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கூடையில் தீனி வைக்கச் சொன்னார். செவலை ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

நாகலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெட்டியைத் தானே எடுத்துப்போய் உள்ளே வைத்துவிட்டு வந்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"தப்பு என்மேலதாம்மா. அவ இங்கேயே படிக்கட்டும். ஆனா இந்த முறை நல்லதா, கெட்டதா? அதைச் சொல்லுங்க."

"வேலன் சுண்ணாம்பைப் பத்திச் சொன்னப்ப நீ எங்க இருந்தே?"

"அவன் பக்கத்துலதாம்மா நின்னுக்கிட்டிருந்தேன்."

"என்ன பண்ணினே?"

நாகலிங்கம் தலையைச் சொறிந்தார். "அவன் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டேன்."

"முறைக்கென்னப்பா, நல்ல முறைதான். நாளைக்கு நீயும் போய் அவங்களோட உட்காரு."