கூரையைத் தின்ற மாடுகள்

தப்புச் செய்தவன் பெரியாண்டி. இதை மனதில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள். பிறகு யாரும் சங்கிலியைக் குறை சொல்லக் கூடாது.

ராஜாக்கள் ஆண்ட காலம். எந்த ராஜா என்று தெரியாது. ராஜா அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அந்தக் கரட்டு நிலத்தில் பெரியாண்டியும் சங்கிலியும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆளுக்கு ஒரு மாடு. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால்தான் ஒரு ஏர். ஒரு மழைக்கு இவன் நிலத்தை முதலில் உழுவார்கள், அடுத்த மழைக்கு அவன் நிலத்தை. கடைசியாகப் பெய்த மழைக்குப் பெரியாண்டி முதலில் உழுதான். ஆக, அடுத்த முறை சங்கிலியுடையது.

அந்த அடுத்த மழை வரவில்லை.

முதல் வருஷம் பானையில் இருந்த தானியம் தீர்ந்தது. இரண்டாம் வருஷம் மாட்டுத் தீனிக்கு அடுக்கி வைத்த தட்டைப் போர் தீர்ந்தது. மூன்றாம் வருஷம் பேச்சுத் தீர்ந்தது. சங்கிலியும் அவன் மனைவி வீராயியும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள்.

பெரியாண்டி தன் மாட்டின் கயிற்றை அவிழ்த்தான்.

“எங்கேயாவது போய்ச் சாகட்டும், மாப்பிள்ளை. இனி மழையாவது, வருவதாவது!”

“ஒற்றை மாட்டை வைத்து நான் எதை உழுவது? என் தொழுவத்தில் கட்டு, மச்சான்” என்றான் சங்கிலி.

அவன் வீட்டுக் கூரை சோளத்தட்டையால் வேய்ந்தது. அதைப் பிடுங்கி இரண்டு மாடுகளுக்கும் போட்டான். முதலில் கிழக்குச் சரிவு போனது. பிறகு மேற்குச் சரிவு போனது.

“உன் கூரையிலும் கொஞ்சம் பிடுங்கு, மச்சான்” என்று கேட்டான்.

“ஐயோ, மழை வந்தால் நனைந்துபோவேனே!”

வீராயி பல நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள். “மழையே வராது என்கிறவருக்குக் கூரை எதற்கு, அண்ணே?”

பெரியாண்டி சிரித்துக்கொண்டே போய்விட்டான். சங்கிலி வீட்டின் முகட்டுத் தட்டையும் மாடுகளுக்குப் போனது. வெறும் மூங்கில்தான் மிச்சம்.

மழை வந்தது.

கூரையில்லாத வீட்டுக்குள் கொட்டியது. விதைக் கம்பு இருந்த கலயத்தின் மேல் புருஷனும் பெண்டாட்டியும் குனிந்து, தங்கள் முதுகையே கூரையாக்கினார்கள். நனைந்துகொண்டே சிரித்தார்கள். அப்படிச் சிரித்தது அதுவே கடைசி.

விடிந்ததும் சங்கிலி தொழுவத்துக்குப் போனான். இரண்டு மாடுகளும் இல்லை. பெரியாண்டி அவற்றைப் பூட்டித் தன் நிலத்தை உழுதுகொண்டிருந்தான்.

“மச்சான், இது என் முறை!”

“நீ முதலில் கூரையைப் போடு, மாப்பிள்ளை. வீராயி நனைகிறாள் பார். உன் நல்லதுக்குத்தான் நான் முந்திக்கொண்டேன்!”

ஓடிப்போய் நுகத்தடியைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் சண்டை. சண்டை முடிவதற்குள் வெயில் ஏறிவிடும், இரண்டு நிலமும் காய்ந்துவிடும். யாராவது ஒருவன் உழட்டும் என்று சங்கிலி வரப்பில் நின்றான். தனியாக நின்றான். அது நல்ல குணமா, முட்டாள்தனமா, நீங்களே சொல்லுங்கள்.

மாடுகள் அவன் நிலத்துக்கு வந்தபோது மண் கல்லாகிவிட்டது. ஏரின் கொழு மண்ணில் இறங்கவில்லை. விதை கலயத்திலேயே கிடந்தது.

அறுவடை முடிந்ததும் பெரியாண்டி ஒரு மூட்டைக் கம்பைத் தூக்கி வந்தான். “கணக்குச் சரியாகிவிட்டது, மாப்பிள்ளை.” வீராயி வாங்கிக் கூழ் காய்ச்சினாள். பசி. சங்கிலியும் குடித்தான். குடித்துவிட்டு, “கம்பைக் கொடுத்தாய். என் முறையைக் கொடுக்கவில்லையே” என்றான்.

“அடுத்த மழைக்கு எடுத்துக்கொள்.”

ஆனால் மீதி விளைச்சலை விற்றுப் பெரியாண்டி இன்னொரு மாடு வாங்கினான். தன் மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போனான். அவனுக்கு இனிச் சங்கிலியின் மாடு தேவையில்லை.

அடுத்த மழை பெய்தது. சங்கிலியின் மாடு தொழுவத்தில் இடப்பக்கம் ஒதுங்கி, வலப்பக்கம் இன்னொரு மாட்டுக்கு இடம் விட்டு நின்றது. வாயில்லா ஜீவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சங்கிலி அதன் பக்கத்தில் நின்று, அடுத்த நிலத்தில் ஏர் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த முறை இன்றுவரை பெரியாண்டியிடமிருந்து வரவில்லை.

பஞ்சத்தில் தன் கூரையைப் பிடுங்கிக் கொடுத்தவனின் முறையை மழை நாளில் பறித்துக்கொண்டவன், பிறகு எத்தனை மூட்டை அளந்தாலும் கடன்காரன்தான்.