பெருச்சாளி மாற்றிக்கொண்ட வீடு

ஒரு காட்டில், மேட்டு நிலத்துச் சூரைப்புதர் ஒன்றின் அடியில், மரகதம் என்ற முயல் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. முயல்கள் மண்ணைத் தோண்டி வீடு கட்டுவதில்லை. புல்லை மிதித்துச் சமமாக்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு புதர் இருந்துவிட்டால் போதும், அதுதான் வீடு. ஆகவே மண்ணுக்குள் இருக்கும் வீட்டைப் பற்றி மரகதத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்தும் வெயில் குறையவில்லை. புதரில் இலையெல்லாம் உதிர்ந்து முள்தான் மிச்சம். ஒரு நண்பகலில் பருந்து ஒன்று நேராகக் குட்டிகளின் மேல் இறங்கியது. முள்ளில் இறக்கை சிக்கியதால் வெறுங்காலோடு திரும்பியது. மரகதத்துக்கு அன்றைக்குப் பிடித்த நடுக்கம் மூன்று நாளாகியும் போகவில்லை. இனி வானம் தெரியாத வீடுதான் என்று முடிவு கட்டிவிட்டது.

நான்காம் நாளே பெருச்சாளி வந்து நின்றது.

"தங்கச்சி, ஆற்றங்கரை மருத மரத்துக்குக் கீழே என் வளை இருக்கிறது. ஏழு படி இறங்கணும். உள்ளே வெயிலும் கிடையாது, பருந்தும் கிடையாது. உனக்குப் பிள்ளைக்குட்டி இருக்கு, எனக்கு யார் இருக்கா? நீ அங்கே போ, நான் இந்த முள்ளுக்குள்ளே எப்படியோ காலத்தை ஓட்டிக்கறேன்."

இப்படி ஒரு நல்ல மனசா என்று மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு வீடு பார்க்கப் போனால் என்ன தெரியும்?

உச்சி வெயிலில் போய்ப் பார்த்தது. இறங்கினதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. சுவரில் புதிதாகச் செம்மண் பூசியிருந்தது. மரகதம் பின்னங்காலில் எழுந்து நின்றால் தாடை எட்டுமே, அந்த உயரம் வரைக்கும் மட்டும் பூச்சு. அதற்கு மேலே பழைய மண் அப்படியே கிடந்தது. பாதியில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. அழகாக இருக்கிறது என்றது. வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி. அதையும் பார்த்து, பிள்ளைகள் வேறு பக்கம் ஓடிப்போக முடியாது, நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டது.

மூலையில், சுவருக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு ஒரு தவளை தூங்கிக்கொண்டிருந்தது. மேட்டிலே மண் வெடித்துக் கிடக்கிற காலத்தில் தவளைக்கு இங்கே என்ன வேலை? அதையும் கேட்கவில்லை. அதை எழுப்பி வேறு சில கேள்விகள் கேட்டது.

"இங்கே வெயில் வருமா?"

"வராது," என்றது தவளை.

"பருந்து?"

"வராது."

"எப்போதும் இப்படிக் குளிர்ச்சியாக இருக்குமா?"

"எனக்குக் குறை ஒன்றும் இல்லை," என்று சொல்லிவிட்டு, அது மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

அன்று மாலையே வீடு மாற்றி ஆயிற்று.

பதினைந்து நாள் விட்டுவிட்டுத் தூறியது. ஐப்பசி பிறந்தது. இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை, குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தபோது படிகளில் தண்ணீர் மெல்ல இறங்கி வந்தது. மழைத்தண்ணீர்தான், நின்றுவிடும் என்று மரகதம் நினைத்தது. அது மழைத்தண்ணீர் இல்லை. ஆறு.

வாசலுக்கு ஓடியது. தண்ணீர் அதைப் புரட்டி உள்ளேயே தள்ளியது. இருந்த ஒரே வழியில் ஆறு வந்துகொண்டிருந்தது. வேறு வழி தோண்டலாம் என்றால் முயலின் காலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நாலு கீறல் கீறிப் பார்த்தது. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

குட்டிகளைத் தலைமேல் ஏற்றி, ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னங்காலில் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றது. தண்ணீர் வயிற்றைத் தொட்டது. மார்பைத் தொட்டது. கண்ணெதிரே செம்மண் பூச்சு கரைந்து சரிந்தது. அதன் அடியில், கோட்டுக்கு மேல் கோடாக, ஒவ்வொரு வருஷத்துத் தண்ணீரும் விட்டுப் போன கறை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோடு மரகதத்தின் தாடைக்கு நேராக இருந்தது.

தெரிந்திருக்கிறது. பூசிய கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

தவளை சாவகாசமாக நீந்திக்கொண்டு வந்தது.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றது மரகதம்.

"நீ வெயிலைக் கேட்டாய், பருந்தைக் கேட்டாய். தண்ணீரைக் கேட்டாயா?"

தண்ணீர் தாடையைத் தொட்டு, கோட்டில் நின்றது. ஒரு விரல்கடை ஏறியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருக்காது. சாயங்காலம் ஆறு வடிந்ததும், விறைத்த காலை இழுத்துக்கொண்டு, குட்டிகள் காதை விடாமல் பிடித்திருக்க, மரகதம் மேட்டுக்கு ஏறியது.

மழையில் சூரைப்புதர் பச்சைப் பசேலென்று தழைத்திருந்தது. ஒரு துளி உள்ளே விழவில்லை. நடுவில், முயல் மிதித்துச் சமமாக்கிய புல்மெத்தையில், பெருச்சாளி கிழங்கு கடித்துக்கொண்டிருந்தது.

"மாற்றினது மாற்றினதுதான் தங்கச்சி," என்றது, முயல் வாயைத் திறக்குமுன்பே. "அவ்வளவு நல்ல வீட்டை விட்டு நான் ஏன் கிளம்பறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. யாருமே கேட்கறதில்லை. போன வருஷம் காடை வந்தாள். அவளும் கேட்கலை. நாலு குஞ்சோடு குடிபோனாள். மழை விட்டதும் வளை எனக்கே திரும்பி வந்தது."

"அவள் இப்போது எங்கே?"

பெருச்சாளி கிழங்கை மென்று விழுங்கியது. அடுத்த கிழங்கை எடுத்துக் கடித்தது.

மரகதம் சுவரில் கண்ட கோடுகளை நினைத்துப் பார்த்தது. காடை எழுந்து நின்றால் எவ்வளவு உயரம் வரும் என்று எண்ணிப் பார்த்தது. பிறகு குட்டிகளோடு நனைந்த புல்லில் நடந்து, வேறொரு புதரைத் தேடத் தொடங்கியது.

நீதி: வீடு மாறும் முன், உனக்குப் பிடித்ததை மட்டும் விசாரிக்காதே, இருந்தவர் ஏன் போகிறார் என்று கேள்.