மிளகுக்கு ஒரு வாசல்

போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ மருமகளே. ஆங், காலைத் தூக்கி என் மேல போட்டுக்கோ, அத்தைக்கு வலிக்காது. ஆரம்பிக்கட்டுமா?

"ம்."

குன்னூர்னு மலைமேல ஒரு ஊரு. அந்த ஊர்ல தேயிலைத் தோட்டத்து ஓரமா ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்கு முன்னாடி ஒரு கதவு, அடுப்படியில பின்னாடி ஒரு கதவு. ரெண்டும் எப்பவும் சாத்தியேதான் இருக்கும். தொறந்து வெச்சா குளிரு குபுகுபுன்னு உள்ள வந்துடும். குளிரு பின்னாடியே குரங்கும் வந்துடும். சோத்துப் பானையில கையை விடும், சர்க்கரை டப்பாவைத் தூக்கிட்டு ஓட்டு மேல ஏறிடும். அதனால சாத்தித்தான் வெக்கணும்.

அந்த வீட்ல பரிபூரணம்னு ஒரு தையக்காரி இருந்தா. ஸ்கூல் யூனிஃபார்மு, ஜாக்கெட்டு, ஜன்னல் திரை, எல்லாம் தைப்பா. சின்ன வயசுல போலியோ வந்து அவளுக்கு ஒரு காலு சூம்பிப் போச்சு. கம்பியும் தோல் பட்டையும் வெச்சுப் பண்ணுன காலிப்பரைக் காலோட கட்டிக்கிட்டு, கையில ஒரு கட்டையை ஊணிக்கிட்டு, டொக்... டொக்... டொக்குன்னு நடப்பா. ஆனா மோட்டார் மிஷின்ல உக்காந்துட்டான்னா டர்ர்ர்ர்ருன்னு ஒரே ஓட்டம்தான்.

அவகூட ஒரு பூனை. கறுப்பும் சாம்பலுமா பொடி தூவுன மாதிரி இருக்கும். பேரு மிளகு.

"ரசத்துல போடுற மிளகா?"

அதேதான். அந்த மிளகு என்ன பண்ணும்னா, பின் கதவுகிட்ட போயி "மியாவ்"னு நிக்கும். வெளிய போகணுமாம். பரிபூரணம் மிஷினை நிறுத்திட்டு, கட்டையை எடுத்துக்கிட்டு, டொக்கு டொக்குன்னு போயி தொறந்து விடுவா. திரும்பி வந்து ஊசியில நூலைக் கோத்திருப்பா, அப்போ வெளியேர்ந்து பரக்கு பரக்குன்னு கதவைப் பிறாண்டும். உள்ள வரணுமாம். மறுபடி எந்திரிப்பா. "உனக்குக் கதவு தொறக்குற வேலைக்குன்னே என்னைப் பெத்தாங்களாடி?"ன்னு திட்டுவா, ஆனா தொறப்பா.

அப்புறம் மிளகு மூணு குட்டி போட்டுது. எங்க தெரியுமா? துணி வெட்டுன துண்டெல்லாம் போட்டு வெக்கிற கூடைக்குள்ள. கண்ணே தொறக்காத குட்டிங்க. எலிக்குஞ்சு மாதிரி கீச்சு கீச்சுன்னு.

"ம்."

அப்போ ஒரு நாளு பரிபூரணம் நூலும் லைனிங் துணியும் வாங்க மேட்டுப்பாளையம் கெளம்புனா. மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்னு நெனப்பு. கதவைப் பூட்டுறப்போ மிளகு அவ காலுக்கு நடுவுல நழுவி வெளிய ஓடுனதை அவ பாக்கல. கீழ போயிச் சேந்தா, மழை. சாதா மழை இல்ல, சோன்னு கொட்டுது. மலைப் பாதையில ஒரு மரம் மடார்னு விழுந்து, மேல போற பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு. அன்னிக்கு அவளால வீடு திரும்ப முடியல. மறுநாள் காலையிலதான் மொத பஸ்ஸைப் புடிச்சு வந்தா.

வந்து பாத்தா, பின் கதவுகிட்ட மிளகு கெடக்கு. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. கதவுல அடிப்பக்கம் பூரா பிறாண்டுன தடம். நகமெல்லாம் பிஞ்சு ரத்தம். கத்திக் கத்திச் சத்தமே வரல, வாயை மட்டும் தொறந்து தொறந்து மூடுது. உள்ள கூடையில மூணு குட்டியும் சில்லுன்னு கெடந்துச்சு. ரெண்டு அசையுது. ஒண்ணு அசையல.

"செத்துப் போச்சா?"

கேளு. பரிபூரணம் கட்டையைத் தூக்கிப் போட்டுட்டு அப்படியே தரையில உக்காந்தா. அசையாத குட்டியை எடுத்து ஃபிளானல் துணியில சுத்தி, தேய் தேய்னு தேச்சா. நெஞ்சோட வெச்சு ஊதுனா. தேச்சா. ரொம்ப நேரம் கழிச்சு அது ஒரு தடவை "கீ"ன்னுச்சு. அப்பதான் இவளுக்கு அழுகையே வந்துச்சு. அழுதுக்கிட்டே மிளகைத் தொடச்சு விட்டு, "இனிமே நீ எனக்காகக் காத்துக் கெடக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு நீயா வரணும், நீயா போகணும். அதுக்கு ஒரு வாசல் வெக்காம நான் விடமாட்டேன்"னா.

இதுல ஒரு சிக்கலு இருந்துச்சு மருமகளே. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில அவளுக்குப் புதுக் காலிப்பர் பண்ணித் தர்றதுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அடுத்த திங்கக்கெழமை போகணும், அங்கயே சில நாள் தங்கி நடந்து பழகிட்டு வரணும். பழசு தேஞ்சுபோயி உரசி உரசிக் காலெல்லாம் புண்ணு. இந்தத் தடவை விட்டா மறுபடி எப்போ கூப்பிடுவாங்களோ தெரியாது.

"பக்கத்து வீட்ல சாவி குடுக்கலாம்ல?"

பக்கத்து வீட்டுக்காரங்க மெட்ராஸ்ல இருக்காங்க, மே மாசம் மட்டும்தான் வருவாங்க. எதிர் வீட்ல எல்லாரும் வெடியக்கால தோட்டத்து வேலைக்குப் போனா இருட்டுனாதான் வருவாங்க. அவங்க எப்படி நெனச்சப்பல்லாம் கதவு தொறப்பாங்க? அதனால திங்கக்கெழமைக்குள்ள பூனை வாசல் வந்தாகணும். வந்தே ஆகணும்.

மொதல்ல பொன்னையான்னு ஒருத்தர் வந்தாரு. கையில டிரில் மிஷினு, தோள்ல பை, பையில ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டு. வந்ததும் வராததுமா பிளக்கைச் சொருகி, கிர்ர்ர்ர்ருன்னு ஓட்டிக் காமிச்சாரு. "எங்கக்கா ஓட்டை போடணும்? சொல்லுங்க, டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுடுறேன்."

"இருங்கண்ணே. பூனை எவ்ளோ பெருசுன்னு பாக்க வேணாமா?"

"பூனை பூனை மாதிரிதான் இருக்கும். இந்தா, இந்த அளவுக்குப் போட்டா நாயே போகும்."

"நாயி போகும்னா குரங்கும் வருமே!"

"குரங்கா? அதெல்லாம் இந்தப் பக்கம் வராதுக்கா"ன்னு அவரு சொல்றாரு, பின்னாடி சுவத்து மேல ஒரு தாட்டியான குரங்கு உக்காந்து அவரு வர்க்கியை மொறுக்கு மொறுக்குன்னு தின்னுக்கிட்டு இருக்கு!

சிரிக்காத, சிரிச்சா தூக்கம் போயிடும். பரிபூரணம் டீயைக் குடுத்து, "வேணாம்ணே, நீங்க கெளம்புங்க"ன்னுட்டா.

அப்புறம் ரெண்டாவதா மதிவாணன்னு ஒருத்தர். கதவு விக்கிற கடைக்காரரு. சட்டையில ஒரு மடிப்புக் கலையல. அவரு கதவைத் தட்டிப் பாத்தாரு, டொப்பு டொப்பு. "மேடம், இந்தக் கதவே பழசு. இதைக் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம். அதுலயே பூனை வாசல் இருக்கு. பூனை கழுத்துல ஒரு வில்லை கட்டிட்டா, அது கிட்ட வந்தா மட்டும் தொறக்கும்"னு போன்ல படம் படமாக் காமிச்சாரு. படத்துல பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. பரிபூரணம் கேட்டா, "அது எதுல ஓடுது?"

"பேட்டரி மேடம்."

"நான் ஊர்ல இல்லாதப்போ பேட்டரி தீந்துபோச்சுன்னா?"

"எனக்கு ஒரு போன் போடுங்க."

"பூனை எப்படி சார் போன் போடும்?"

அதோட அந்தக் கதவு வர்றதுக்கே அடுத்த மாசம் ஆகுமாம். அவரையும் அனுப்பிட்டா.

"ம்."

அன்னிக்கு வியாழக்கெழமை. யாரும் கெடைக்கல. புண்ணு வேற விண்ணு விண்ணுன்னு வலிக்குது. கோயமுத்தூர் போகாம விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. "ச்சீ, ரெண்டும் நடக்கும், நடத்துறேன்"னு கட்டையை எடுத்துக்கிட்டு மேட்டுல ஏறி எறங்கி பஜாருக்கே போயிட்டா. ஒவ்வொரு பட்டறையா ஏறி விசாரிச்சா. சில பேரு சிரிச்சாங்க. "பூனைக்குக் கதவா? காலிங்பெல்லும் வெக்கவா?"ன்னு ஒருத்தன் கேட்டான். இவ நிக்கல. அடுத்த கடை, அடுத்த கடை.

கடைசியில அலுமினிய ஜன்னல் பண்ணுற ஒரு பட்டறை. உள்ள ஜெயக்கொடின்னு ஒரு பொண்ணு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு தகடு அறுத்துக்கிட்டு இருந்தா. பரிபூரணம் விஷயத்தைச் சொன்னா.

ஜெயக்கொடி சிரிக்கல. "பூனைக்கு நான் போட்டதில்லக்கா. ஒரு வீட்ல நாய்க்குப் போட்டேன். ஒசரமா வெச்சுட்டேன், நாயி ஏற மாட்டேன்னுடுச்சு. அப்புறம் நானே போயி அதை அடைச்சுட்டு, கீழ எறக்கி வேற போட்டுக் குடுத்தேன்"னா.

பரிபூரணம் அவ மூஞ்சியையே பாத்தா. தப்பாப் போனதை மொத வார்த்தையாச் சொல்லுறா, போயித் திருத்துனேன்னும் சொல்லுறா. இவதான்னு முடிவு பண்ணிட்டா. "நாளைக்கு வர்றியா?"

வந்தா. வந்து மொத வேலையா, "பூனை எங்கக்கா?"ன்னா. பரிபூரணம் தையல் டேப்பை எடுத்தா. ஒருத்தி மிளகைப் புடிச்சுக்க, ஒருத்தி அளவெடுத்தா. தோள் அகலம், வயித்துலேர்ந்து தரைக்கு எவ்ளோ, எல்லாம். மிளகு "உர்ர்ர்"ருன்னுச்சு. ஜாக்கெட்டு தைக்கப் போறாங்கன்னு நெனச்சிருக்கும்.

அப்புறம் சர்ர்க்கு... சர்ர்க்குன்னு ரம்பம். கதவோட அடிப்பக்கத்துல, பூனை புகுற அளவுக்கு மட்டும் ஒரு ஓட்டை. அதுல கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிசுப் பலகை, மேல கீல் வெச்சு. முட்டுனா தொறக்கும், விட்டா தானா மூடும். வெளிப்பக்கம் ஒரு மரக் கூண்டு, நேரா வராம ஒரு வளைவு வெச்சு. "குரங்கு மொதல்ல கையைத்தான் விடும்க்கா. கைக்கு எதுவும் எட்டலேன்னா, இருட்டுக்குள்ள தலையை விடாதுன்னு நெனக்கிறேன். நெனப்புதான். சோதிச்சுப் பாத்துடலாம்"னா ஜெயக்கொடி.

கூண்டுக்கு உள்பக்கம் ஒரு வாழைப்பழத்தை வெச்சுட்டு ரெண்டு பேரும் ஜன்னலோரம் ஒளிஞ்சுக்கிட்டாங்க. குரங்கு வந்துச்சு. அதே தாட்டியான குரங்கு. கையை விட்டுத் துழாவுச்சு. எட்டல. இன்னொரு கையை விட்டுச்சு. எட்டல. குனிஞ்சு உள்ள பாத்துச்சு, ஒரே இருட்டு. "ஈஈ"ன்னு பல்லைக் காமிச்சுட்டுப் போயே போச்சு!

"ஹை!"

ஹைதான். ஆனா பூனை? மிளகு அந்த வாசலைப் பாத்துட்டுத் திரும்பி உக்காந்துக்கிச்சு. புடிச்சுத் தள்ளுனா, பலகை தடக்குன்னு அடிச்சதுல பயந்து பீரோ மேல ஏறிடுச்சு. அப்போ பரிபூரணம் பலகை ஓரம் பூரா வெல்வெட்டு துணியை வெட்டி ஒட்டுனா. இப்போ தடக்குன்னு கேக்கல, "தப்"னு மெதுவா. அப்பவும் மாட்டேன்னுச்சு. நூலைக் கட்டிப் பலகையைத் தூக்கி வெச்சா, போச்சு, வந்துச்சு. நூலை அவுத்தா, நின்னுடுச்சு. நெத்திலிக் கருவாட்டைக் காமிச்சா, மோந்து பாத்துட்டு, கதவையும் இவ மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்குது. நீதானே தொறப்ப, தொறன்னு.

ஞாயித்துக்கெழமை ஆயிடுச்சு. பொட்டியெல்லாம் கட்டியாச்சு. ஜெயக்கொடி வந்து, "என்னக்கா, பழகுச்சா?"ன்னா.

"இல்ல. இன்னிக்குப் பழகும்"னு சொல்லிட்டு, பரிபூரணம் மிளகைத் தூக்கி வெளிய விட்டா. கதவைச் சாத்துனா. தாப்பா போட்டா. கதவுக்கு எதிர்ல தரையில உக்காந்துக்கிட்டா.

வெளிய "மியாவ்." உள்ள குட்டிங்க கீச்சு கீச்சு. வெளிய பரக்கு பரக்கு. உள்ள குட்டிங்க இன்னும் சத்தமா. ஜெயக்கொடிக்கே மனசு கேக்கல. "தொறந்துடுக்கா, பாவம்"னா.

பரிபூரணத்துக்கு அந்த மழை நாளு ஞாபகம் வந்துடுச்சு. கை தாப்பாகிட்ட போச்சு. மருமகளே, எத்தனையோ தடவை தொறந்த கையி அது. ஆனா தாப்பாவைத் தொடல. ரெண்டு கையையும் சேத்து மடியில இறுக்கிக்கிட்டா. கண்ணுல தண்ணி ஓடுது. "இன்னிக்கு நான் தொறந்தேன்னா, நாளைக்கும் என்னைத்தான் தேடும். நாளைக்கு நான் இருக்க மாட்டேன் ஜெயக்கொடி. வரட்டும். அதால முடியும்."

சத்தம் நின்னுபோச்சு.

ஒண்ணுமே கேக்கல. காத்துகூட இல்ல.

அப்புறம் கூண்டுக்குள்ள சரசரன்னு ஏதோ. கண்ணாடிப் பலகைக்கு அந்தப் பக்கம் ரெண்டு மஞ்சக் கண்ணு. ஒரு மூக்கு வந்து பலகையில ஒட்டுச்சு. முட்டுச்சு, பின்வாங்குச்சு. மறுபடி முட்டுச்சு. குட்டி ஒண்ணு "கீ"ன்னு கத்துச்சு பாரு, தலை உள்ள, தோள் உள்ள, வாலு உள்ள, தப்!

மிளகு அவளைத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா கூடைக்கு ஓடுச்சு. குட்டிங்க மூணும் வயித்துல ஒட்டிக்கிச்சு. ஜெயக்கொடி "அக்கா!"ன்னு கத்திட்டு அவ கழுத்தைக் கட்டிக்கிட்டா. தெனமும் மத்தியானம் நானே வந்து சாப்பாடு வெச்சுட்டுப் போறேன், நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்கன்னு அவளாவே சொன்னா.

"ம்..."

அப்புறம் பரிபூரணம் கோயமுத்தூர் போனா. புதுக் காலிப்பர் போட்டு, கம்பியைப் புடிச்சு நடந்து, விழுந்து, எந்திரிச்சு, மறுபடி நடந்து பழகுனா. அங்கயும் மழை பேஞ்சுது. மழைச் சத்தத்தைக் கேட்டுட்டுப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டா.

வீட்டுக்குத் திரும்பி வர்றப்போ நல்ல வெயிலு. வேக வேகமா மேட்டுல ஏறி வந்து சாவியைப் போட்டுக் கதவைத் தொறந்தா. "மிளகு, வந்துட்டேன்டி!"ன்னா. கதவுகிட்ட யாரும் ஓடி வரல. மிளகு தேயிலைத் தோட்டத்துல சுத்திட்டு வந்த ஈரப் பாதத்தோட கூடையில படுத்திருந்துச்சு. ஒரு கண்ணை மட்டும் தொறந்து, நீதானான்னு பாத்துட்டு, மறுபடி மூடிக்கிச்சு. பரிபூரணத்துக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. உடனே சிரிப்பும் வந்துடுச்சு. பையைக் கீழ வெச்சுட்டு, கூடை பக்கத்துல உக்காந்து, சிரிச்சா சிரிச்சா, அவ்ளோ சிரிச்சா.

அவ்ளோதான் மருமகளே. கதை அது வீட்டுக்குப் போயிடுச்சு. நீயும் கண்ணை மூடு... தூங்கு.