கசாப்புக்காரன் படம்

ஷெய்கு இத்ரீஸ் மொராக்கோ சுல்தானின் தூதராக ஓர் இத்தாலியத் துறைமுக நகரத்துக்கு வந்திருந்தார். அவர் நாட்டு மாலுமிகள் பலர் அங்கே போர்க்கப்பல்களில் சங்கிலியோடு துடுப்பு வலித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மீட்டுப் போக வேண்டும்.

கூட வந்த ஹம்மாத் அவருடைய சீடர். குருவைவிட வயதில் மூத்தவர், கோபக்காரர்.

நகரசபை அவர்களை உள்ளேயே விடவில்லை. கோடை முழுக்க வாசலில் காத்திருந்தார்கள். ஒருநாள் பாஸ்குவாலே என்ற ஓவியன் ஷெய்கை அங்கேயே உட்காரவைத்து வரைந்துகொண்டு போனான். கையில் ஜபமாலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார் அவர்.

செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம் கடைவீதிக்கு வந்தது. ஜபமாலையைக் காணோம். கையில் உருவிய வாள். காலடியில் வெட்டுண்ட தலை. கீழே, 'மொராக்கோ கசாப்புக்காரன்'.

ஹம்மாத் பாஸ்குவாலேயை அவன் பட்டறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து குருவின் முன்னால் நிறுத்தினார்.

"நீ பார்த்தது இந்த வாளையா? சொல்லடா!"

"ஜபமாலையை யார் ஐயா வாங்குவார்கள்?" என்றான் அவன்.

"ஷெய்கு அவர்களே, தகட்டைத் தேய்த்து அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நானே உடைப்பேன்."

"விடு, அவன் போகட்டும்" என்றார் ஷெய்கு.

படம் வீடு வீடாகப் போனது. தெருவில் ஷெய்கைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கினார்கள். இந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் படையோடு திரும்பி வருவான் என்று ஊரே பேசியது. அந்த வாரமே நகரசபையிலிருந்து அழைப்பு வந்தது.

சபையார் கண்கள் அவர் இடுப்பையே துழாவின.

"வாள் எங்கே?" என்றார் தலைவர்.

"என்னிடம் வாள் இல்லை. எங்கள் ஆட்களை விட்டுவிடுங்கள்."

வாசல் காவலர்களிடம் தினமும் சொன்ன அதே வார்த்தைகள், அதே குரல். அன்றைக்கே விடுதலைப் பத்திரம் கையெழுத்தானது.

மறுநாள் கைதிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். கணுக்கால்களில் சங்கிலி தின்ற புண்கள். சிலருக்கு நிமிர்ந்து நடக்கவே வரவில்லை.

ஹம்மாத்துக்கு இன்னும் ஆறவில்லை.

"உங்களுக்காக அவர்கள் இவர்களைக் கொடுக்கவில்லை. அந்தக் கசாப்புக்காரனுக்குக் கொடுத்தார்கள். இனி இந்த ஊரில் உங்கள் முகம் அதுதான். எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்? அதைப் பார்த்த நாளிலிருந்து நான் கண் மூடவில்லை!"

ஷெய்கு ஒரு கைதியைத் தாங்கி ஏற்றிவிட்டுத் திரும்பினார். முதன்முறையாக அவர் முகம் சிவந்திருந்தது.

"இவர்கள் சங்கிலியில் கிடக்க, நம்மை வாசலிலேயே நிறுத்திவைத்தார்களே, அந்தக் கோடை முழுக்க நீ நன்றாகத்தான் தூங்கினாய், ஹம்மாத்."