ஓநாய் ருசி பார்த்த ரொட்டி

அந்தக் காலத்தில், அல்பேனியாவின் வடக்கு மலைகளில் மனிதரும் மிருகங்களும் ஒரே பேச்சுப் பேசி, ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். வாசலில் வந்து நிற்பவர் எதிரியே ஆனாலும் விருந்தாளி. அவருக்கு ரொட்டியும் உப்பும் வைக்க வேண்டும். ஒரு தட்டு ரொட்டியைப் பங்கிட்டுத் தின்ற இருவர் சாகும்வரை ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் நல்ல சட்டத்தில் ஓட்டை தேடுவதற்கென்றே சிலர் பிறந்து வருகிறார்களே, என்ன செய்ய?

அங்கே விருந்து என்றால் ஃப்லியா என்கிற ரொட்டிதான். அப்போதெல்லாம் கோதுமை மாவைக் கரைத்து மொத்தமாகத் தட்டில் ஊற்றி, தணலில் காய்ந்த இரும்பு மூடியைக் கவிழ்த்துவிடுவார்கள். சீக்கிரமே வெந்துவிடும்.

ஒருநாள் காலையில் டிலா என்பவள் முற்றத்தில் ஃப்லியாவுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். தொடையில் பல் பதிந்த காயத்தோடு ஒரு பெண்மான் வேலியைத் தாண்டி வந்து அவள் காலடியில் விழுந்தது.

"அக்கா, நான் உங்க வீட்டு விருந்தாளி" என்றது. அதற்குமேல் பேச அதனிடம் மூச்சு இல்லை.

பின்னாலேயே ஓநாய் வந்து வேலிக்கு வெளியே நின்றது. டிலாவின் கணவன் கோலே, மரியாதைக்காக ஒரு கோப்பை பிளம் சாராயத்தை நீட்டினான்.

"வேண்டாம் கோலே. உன் வீட்டுல ஒரு சொட்டுகூடத் தொட மாட்டேன். சட்டம் எனக்கும் தெரியும்" என்றது ஓநாய். "விருந்து நடக்கிறவரைக்கும்தானே அவ விருந்தாளி? ரொட்டி வெந்து, தின்னு முடிச்சதும் வெளியே அனுப்பிடு. நான் காத்திருக்கேன்."

கோலே தாடியைத் தடவினான். அவனுக்கு மலையில் ஆடுகள் இருந்தன. ஓநாயைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. "நீ சொல்றதும் நியாயம்தான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

டிலாவுக்கு உச்சந்தலைவரை கொதித்தது. அடைக்கலம் என்று வந்தவளுக்குச் சோறு போட்டு, வாய் கழுவ விட்டு, பிறகு ஓநாய்க்குத் தள்ளிவிடுவதா? இதற்கு நியாயம் என்று பெயர் வேறா?

"ரொட்டி சுடுறது நான். அது எப்போ வேகும்னு ஓநாய்க்கு வாக்குக் கொடுக்க நீங்க யாரு?" என்று கணவனைப் பார்த்துக் கேட்டாள். கோலே கையிலிருந்த சாராயத்தைத் தானே குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

டிலா மாவில் இன்னும் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்தாள். ஒரே ஒரு கரண்டி எடுத்து, தட்டில் மெல்லிய கோடுகளாக ஊற்றினாள். மூடியைக் கவிழ்த்தாள். வெந்ததும் மூடியை எடுத்து, வெண்ணெயும் பாலாடையும் தடவி, அதன்மேல் அடுத்த கரண்டியை ஊற்றினாள். மறுபடி மூடி. மறுபடி மாவு. புகையில் கண் எரிந்தது, இரும்பைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலித்தது. அவள் நிறுத்தவில்லை.

"வெந்துடுச்சா?" என்று ஓநாய் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மேல் அடுக்கு பச்சையா இருக்கே" என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெயில் தலைக்குமேல் வந்து, மேற்கே சாய்ந்தது. வெண்ணெய் மணம் முற்றமெல்லாம் பரவியது. ஓநாயின் நாக்கு தொங்கியது. காலையிலிருந்து அதன் வயிற்றில் ஒன்றுமில்லை.

"பொய் சொல்றே!" என்று கத்தியது. "எப்பவோ வெந்துடுச்சு. என்னை முட்டாள்னு நினைச்சியா?"

"சந்தேகமா இருந்தா நீயே வாயில போட்டுச் சொல்லு" என்று டிலா ஒரு துண்டை வெட்டி வேலிமேல் வைத்தாள்.

அவளைப் பொய்க்காரி என்று நிரூபிக்கும் அவசரத்தில் ஓநாய் பாய்ந்து பாதியைக் கடித்து விழுங்கியது. "வெந்திருக்கு! நல்லாவே வெந்திருக்கு. கோலே, நீயே சாட்சி!"

டிலா மீதிப் பாதியை எடுத்து மானின் வாயில் ஊட்டினாள். மான் அதை மென்று விழுங்கியது.

"சாட்சிதான்" என்றான் கோலே மெதுவாக. "ஒரே துண்டை ரெண்டு பேரும் தின்னுட்டீங்க. இனி சாகிறவரைக்கும் நீ அவளைத் தொட முடியாது."

ஓநாய்க்கு அப்போதுதான் உறைத்தது. "ஏமாத்திட்டாங்க! அநியாயம்!" என்று ஊளையிட்டது.

"காலையில இருந்து நான் பொறுத்துக்கிட்டிருந்ததுக்குப் பேர்தான் அநியாயம்" என்றாள் டிலா. "சட்டம் தெரியும்னியே, போ."

ஓநாய் வாலை இடுக்கிக்கொண்டு மலையேறியது. அன்று முதல்தான் ஓநாய் மனிதர் வீட்டுப் புகையைக் கண்டாலே தூர நின்று ஊளையிடுகிறது. அன்று முதல்தான் அந்த மலைகளில் ஃப்லியாவை அடுக்கடுக்காக, அரைநாள் நின்று சுடுகிறார்கள். வெந்துவிட்டதா என்பதைச் சுடுகிறவள் மட்டும்தான் சொல்வாள், அவள் சொல்லும்வரை விருந்தாளியை எழுப்ப எவனுக்கும் உரிமையில்லை.