முன்னால் போகிறவர்கள்

“டீச்சர், நான் பேச ஆரம்பிச்சா வெள்ளைக்காரங்க எந்திரிச்சுப் போயிருதாங்க” என்றார் மேகலிங்கம்.

ஜெயசீலி டீச்சர் டயர் கடை மாடியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறவள். முப்பத்தாறு வயது. மேகலிங்கத்துக்கு ஐம்பத்து நான்கு. கோயிலில் சாமி புறப்பாட்டை நடத்திக் கொடுப்பது அவர் உத்தியோகம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டுவது அவர் ஆசை. இருபத்திரண்டு வருஷத்து ஆசை.

“எதைப் பத்திப் பேசினீங்க?”

“கல் யானையைப் பத்தி.”

“சொல்லுங்க, கேப்போம்.”

மேகலிங்கம் எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

“ஓல்ட்… வெரி ஓல்ட்… பிளாக், பிக், பியூட்டிஃபுல், ஒன் ஸ்டோன், கிங் கிவிங், நோ கிராக்…”

டீச்சர் எழுந்தாள். முப்பத்தொரு படி இறங்கினாள். எதிர்க் கடையில் டீ வாங்கி, ஆற்றிக் குடித்தாள். கடைக்காரரிடம் அவர் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்தாள். மறுபடி முப்பத்தொரு படி ஏறி வந்தாள்.

“…ரெயின் வெட்டிங், சன் டிரையிங், வெரி ஸ்ட்ராங்…”

“இன்னும் வரலியா அண்ணாச்சி?”

மேகலிங்கம் கண்ணைத் திறந்தார். “எது?”

“அதைத்தான் நானும் கேக்கேன்.”

“யானையா? அது கடைசியில வரும் டீச்சர். தமிழ்ல அப்படித்தான? விசேஷத்தை எல்லாம் வரிசையா அடுக்கிட்டு, கடைசியா ஆளைக் கொண்டாந்து நிறுத்துவோம்.”

“இங்கிலீஷ்ல ஆள் நடுவுல வருவாரு. கொஞ்சம் பேர் முன்னால. மத்தவங்க பின்னால.”

“முன்னால எத்தனை பேர்?”

“ஆள் வாராருன்னு தெரிஞ்சாப் போதும்.”

“அது எத்தனை?”

டீச்சர் எடுத்த சாக்பீஸைத் திருப்பி வைத்தாள்.

“உங்க புறப்பாட்டுல முதல்ல யாரு போவா?”

“யானை.” இதற்கு அவர் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. “அப்புறம் மேளம், நாகஸ்வரம். அப்புறம் தீவட்டி.”

“பிறகு?”

“சாமி.”

“பிறகு?”

“ஓதுவார் தேவாரம் பாடிக்கிட்டு வருவார். அவருக்குப் பின்னால சனம்.”

டீச்சர் கரும்பலகையைத் துடைத்தாள். “பாடம் முடிஞ்சது.”

“பலகையில ஒண்ணுமே எழுதலியே?”

“அதான் துடைக்க லேசா இருந்தது.”

“டீச்சர், முப்பத்தொரு படி ஏறி வந்திருக்கேன்.”

“இறங்குததுக்கும் அதே முப்பத்தொண்ணுதான் அண்ணாச்சி.”

மேகலிங்கம் யோசித்துக்கொண்டே இறங்கினார். இந்த வயதில் தனக்கு இது எதற்கு என்று தோன்றியது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டார். அது மறுபடி வந்து அவர் பக்கத்திலேயே நடந்தது.

தெரு திரும்பும்போது அவருக்கு ஒன்று புரிந்த மாதிரி இருந்தது.

புறப்பாட்டில் முன்னால் போவது யானை. மலை மாதிரி யானை. தன் இங்கிலீஷில் முன்னால் போவதெல்லாம் ஓல்ட், பிக், பிளாக். ஆட்டுக்குட்டிகள். யானை போல ஒரு வார்த்தை இல்லை. டீச்சர் அதைத்தான் நாசூக்காகச் சொல்லியிருக்கிறாள்.

அன்றே உட்கார்ந்து பதினொரு பெரிய வார்த்தைகளை மனப்பாடம் செய்தார்.

கோயிலில் செயல் அலுவலர் ஒரு பெட்டியோடு காத்திருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் ஈ.ஓ. சார். பெட்டிக்குள் குட்டிக் குட்டியாகக் கருவிகள் இருந்தன.

“இது என்ன சார்?”

“காதுல மாட்டிக்கணும். பட்டனை அமுக்கினா கோயிலைப் பத்தி எல்லாத்தையும் இங்கிலீஷ்ல சொல்லும். தப்பில்லாம.”

கடைசி வார்த்தையை அவர் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

“நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு பேர் வர்றாங்க. தெருமுனையில நின்னு புறப்பாட்டைப் பார்ப்பாங்க. நீங்களும் சொல்லுங்க, இதுவும் சொல்லட்டும். அவங்களுக்கு எது பிடிக்குதோ, இனிமே அதுதான்.”

“இதைப் பிடிச்சிருச்சுன்னா… நான் சார்?”

“நீங்க எப்பவும்போல விசில் ஊதுங்க.”

புறப்பாட்டில் விசில் மேகலிங்கத்தின் கையில். ஒரு முறை ஊதினால் எல்லாரும் நிற்க வேண்டும். இரண்டு முறை ஊதினால் நகர வேண்டும். யானைகூட அந்த விசிலுக்குக் கட்டுப்படும். ஆனால் ஒரு மனுஷன் விசிலாகவே இருந்துவிட்டுப் போவதா?

மறுநாள் சாயங்காலம் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைமை நரைத்த முடியுள்ள நெட்டைப் பெண்மணி ஒருத்தி. ஈ.ஓ. ஆளுக்கொரு கருவி கொடுத்தார். மாட்டிக்கொண்டார்கள். மேகலிங்கம் அவர்களுக்கு முன்னால் போய், விறைப்பாக நின்றுகொண்டார்.

சாமி தெருவின் மறுகோடியில் அரிசி ஆலைக்காரர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. அங்கே பூசை, தீபாராதனை, தூக்குகிறவர்களுக்குப் பானகம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் மேகலிங்கம் கூடவே நின்று, பானகம் தீர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விசிலை எடுப்பார்.

இந்த வருஷம் அவர் தெருமுனையில் இருந்தார்.

வந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேகலிங்கத்துக்குப் பதினொரு வார்த்தையும் தொண்டை வரை வந்து நெருக்கிக்கொண்டிருந்தன.

இரண்டு முறை ஊதினார்.

தூரத்தில் யானை அசைந்தது. மேளம் எழுந்தது.

மேகலிங்கம் கண்ணை மூடினார்.

“மேக்னிஃபிசென்ட்… ஏன்ஷியன்ட்… குளோரியஸ்… சில்வர் ஷைனிங்…”

ஈ.ஓ. கருவியின் பட்டனை அமுக்கினார்.

யானை வந்தது, போனது. மேளமும் நாகஸ்வரமும் தெருவை உலுக்கிக்கொண்டு போயின. மேளம் ஏற ஏற மேகலிங்கமும் ஏறினார். ஏழாவது வார்த்தை, எட்டாவது வார்த்தை. தீவட்டிகள் கடந்தன.

எதிர் வீட்டு வாசலில் குடும்பமே தட்டோடு நின்றது. தேங்காய், பழம், கொளுத்திய சூடம். அந்த வீட்டம்மா சாமியைக் கும்பிடக் குனிந்து நிமிர்ந்தாள்.

தீவட்டிக்குப் பின்னால் ஒரு நாய் வந்தது.

நாய்க்குப் பின்னால் யாரும் வரவில்லை.

கன்னத்தில் போட்டுக்கொள்ள அவள் எடுத்த கை பாதியில் நின்றது.

ஐந்து பேரும் வெறும் தெருவைப் பார்த்தார்கள். காதுக்குள் கருவி, தப்பில்லாத இங்கிலீஷில், எதிரே வந்துகொண்டிருக்கும் சாமியின் கிரீடத்தை வர்ணித்துக்கொண்டிருந்தது. ஒருவர் கருவியைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார். மற்றவர்களும் கழற்றினார்கள். நரைத்த பெண்மணி மேகலிங்கத்தின் பக்கம் குனிந்தாள்.

“மேக்னிஃபிசென்ட்… வாட்?”

அதே நேரத்தில் எதிர் வீட்டம்மா கத்தினாள்.

“ஏ மேகலிங்கண்ணே! சாமியை எங்கே?”

மேகலிங்கம் கண்ணைத் திறந்தார்.

இந்தப் பக்கம் ஒரு கேள்வி. அந்தப் பக்கம் ஒரு கேள்வி. யாருக்கு முதலில் பதில் சொல்வது என்று பார்த்தார். பதில் ஒன்றுதான் இருந்தது. அதுவும் கையில் இல்லை.

தெருக்கோடியில், ஆலைக்காரர் வீட்டு வாசலில், சாமி ரிஷபத்தின் மேல் தனியாக நின்றிருந்தது. தூக்குகிறவர்கள் குந்தியிருந்து பானகம் குடித்தார்கள். ஓதுவார் நிறுத்தத் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் யானை அடுத்த தெருவுக்கே திரும்பிவிட்டது. ஒருவரையும் பின்னால் அழைத்துவராமல், மேளதாளத்தோடு, தலையை ஆட்டி ஆட்டி ராஜநடை போட்டுக்கொண்டிருந்தது.

தன் இங்கிலீஷில் அந்த யானையை அவருக்கு ரொம்ப நாளாகத் தெரியும் போலிருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

“எந்திரிங்கடே! சாமியை நட்டாத்துல விட்டுட்டு இங்க என்னடே செய்தீங்க?”

“நீங்க ஊதவே இல்லியே அண்ணாச்சி!”

“ரெண்டு தடவை ஊதினேன்டே!”

“எங்க நின்னு?”

மேகலிங்கம் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தார்.

“மூச்சு வாங்குதீங்களே. ஒரு மடக்குப் பானகம் குடிங்க.”

தூக்குகிறவர்கள் தோளில் சப்பரம் எழுந்தது. முன்னால் போன யானையைத் திருப்ப முடியாது. மேளத்தையும் பிடிக்க முடியாது. தீவட்டிக்காரர்களில் இரண்டு பேர்தான் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தார்கள். இரண்டு தீவட்டி, அதற்குப் பின்னால் சாமி. அவ்வளவுதான். இத்தனை சிறியதாக ஒரு புறப்பாட்டை அந்தத் தெரு பார்த்ததில்லை. மேகலிங்கம் சப்பரத்தின் பக்கத்திலேயே, ஒன்றும் பேசாமல், நடந்து வந்தார்.

தெருமுனைக்கு வந்தது. அந்த ஐந்து பேரும் போகவில்லை. அங்கேயே நின்றிருந்தார்கள்.

மேகலிங்கம் வாயைத் திறந்தார். பதினொரு வார்த்தையும் அந்தந்த இடத்தில் தயாராக நின்றன. திரும்பிச் சாமியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக முன்னால் நடந்தவர். ஒரு தடவைகூட இப்படி நின்று பார்த்ததில்லை.

“காட்” என்றார்.

ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எதிர் வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நரைத்த பெண்மணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மேற்கொண்டு ஏதோ சொல்வார் என்று காத்திருந்தாள். இதற்கென்று மேகலிங்கம் எதையும் மனப்பாடம் செய்திருக்கவில்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“காட்… ஹூ கேம் லேட்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கைகளைக் கூப்பிக்கொண்டாள்.

“தி காட் ஹூ கேம் லேட்” என்று மற்ற நாலு பேருக்கும் சொன்னாள். முன்னால் ஒரு சின்னச் சொல்லை மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

ஐந்து கருவிகளும் ஒவ்வொன்றாக ஈ.ஓ.வின் பெட்டிக்குள் விழுந்தன. ஐந்து பேரும் ஓதுவாருக்குப் பின்னால், சனத்தோடு சேர்ந்து, சாமி போகிற பக்கம் நடந்தார்கள்.

ஈ.ஓ. பெட்டியைப் பார்த்தார். அதன் மூடியைச் சாத்தினார்.

“நாளைக்குப் புறப்பாட்டுக்கு ஒன்பது பேர் வர்றாங்க மேகலிங்கம். என்ன சொல்லப் போறீங்க?”

“முதல்ல சாமி வரட்டும் சார்” என்றார் மேகலிங்கம். “பார்த்துட்டுச் சொல்லுதேன்.”